ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடி

அத்தியாயம் 17

மாஸ்டரிங் செய்பவர் அதிகம் பேச மாட்டார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். செய்தி அனுப்பினால் பதில் வரும், ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. அதனால் அந்த வீட்டில் அவருக்கு 'ரெண்டு வார்த்தை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்டவர் அன்று காலை ஏழு மணிக்கு ஒரு பத்தியே அனுப்பியிருந்தார்.

'மிக்ஸ் இன்று மாலை ஆறு மணிக்குள் வர வேண்டும். நாளை முதல் இரண்டு மாதம் நான் ஊரில் இல்லை. அனுப்பும் முன் மூன்று பேருக்கு, மூன்று இடத்தில் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், பொய் சொல்வார்கள். முகத்தைப் பாருங்கள். முகம் மாறுகிற நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.'

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். அண்ணன் அதற்குள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

வாரா வாரம் கூட வருகிறவர்களுக்கு இந்தப் பாட்டின் கதை தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அண்ணன் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் மிஷினில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவன். மிச்ச நேரமெல்லாம் மெட்டுப் போடுகிறவன். தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அவன் போடும் மெட்டை அவள் பாடுவாள். போன வருடம் அவள் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்தது. ஆறு மாதம் பாடவே கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிவிட்டார். கட்டி கரைந்து, அனுமதி கிடைத்து, அவள் பாடிய முதல் பாட்டு இது. வீட்டின் சின்ன அறையில் நான்கு சுவரிலும் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தார்கள்.

பிறகு அண்ணன் மிக்ஸ் செய்ய உட்கார்ந்தான். குரல் எவ்வளவு, கிதார் எவ்வளவு, எது முன்னால், எது பின்னால் என்று சேர்த்துத் தைப்பதுதான் மிக்ஸ். மாஸ்டரிங் என்பது தைத்த சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரி. தையல் கோணியிருந்தால் இஸ்திரி போட்டு என்ன பயன்? அதனால் அண்ணன் விடாமல் தைத்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, இப்போது ஒன்பதாவது மிக்ஸில் வந்து நின்றிருந்தான். நான்கு மாதம் ஓடிவிட்டது.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலையில் தங்கையைக் கடையில் இறக்கிவிட்டு முதல் மாணவரை ஏற்றிக்கொள்ளப் போவது வழக்கம்.

"அண்ணி, பாட்டுப் போடறேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா கேளுங்க."

"ஒண்ணும் சொல்லாம இருக்கிறதா? நானா? சரி, போடு."

பாட்டு காருக்குள் நிறைந்தது. அண்ணி ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். 'ஓசை வந்து பேசும் வாசல்' என்ற வரி வந்தபோது விரல் நின்றது. ஒரு கண் தானாகச் சுருங்கியது. வரி போனதும் விரல் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது.

தங்கை போனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடி. குறித்துக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லலாமா? அருமையா இருக்கு. அழுகையே வந்துடுச்சு," என்றாள் அண்ணி. ரெண்டு வார்த்தை சொன்னது சரிதான் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

கடை வாசலில் இறங்கும்போது அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடி, இந்தப் பாட்டு இன்னைக்குப் போயிடும்ல?" வீட்டில் தங்கைக்குச் செல்லப் பெயர் அதுதான்.

"ஆறு மணிக்குப் போயாகணும். ஏன் அண்ணி?"

"உங்க அண்ணன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். ஒரு வாரமா மனசுல போட்டு வெச்சிருக்கேன். பாட்டு முதல்ல போகட்டும்."

என்ன விஷயம் என்று கேட்பதற்குள் பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரனை அழுத்தித் தொலைத்தான். அண்ணி போய்விட்டாள்.

கடையில் அன்று முதல் ஆள் ஒரு வேன் டிரைவர். உரிமம் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டுமாம். சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தார். மிகச் சின்ன வரியைக்கூடத் தயங்காமல் சொன்னார். தங்கைக்கு இந்த வேகம் பழக்கம்தான். கண் தெரிகிறவர்கள் கடைசி வரியில் கொஞ்சம் இழுப்பார்கள், தலையை முன்னால் நீட்டுவார்கள். மனப்பாடம் செய்தவர்கள் மட்டும்தான் இப்படி ஓட்டமாக ஓடுவார்கள்.

அவள் பலகையைத் திருப்பி மாட்டினாள். மறுபக்கத்தில் வேறு எழுத்துகள் இருந்தன. டிரைவர் மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"லென்ஸ் போட்டுப் பாக்கறேன். இப்ப தெளிவா இருக்கா? இல்ல, இப்பவா?"

"இப்ப... ரெண்டாவது."

அவள் லென்ஸை மாற்றவே இல்லை. கையை மட்டும்தான் அசைத்திருந்தாள்.

"கண்ணாடி போட்டுட்டு அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் ஓட்டாதீங்க," என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு இரக்கம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

பன்னிரண்டு மணிக்குப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே லென்ஸ் தேய்க்கும் மிஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற அக்கா இரண்டு காதிலும் ரப்பர் அடைப்பு வைத்திருந்தாள். மிஷினை நிறுத்தி, அடைப்பை எடுத்து, துடைத்து டப்பியில் போட்டுவிட்டு ஹெட்போனை வாங்கிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் பல்லைக் கடித்தாள். கை தானாகப் போய் ஹெட்போனைக் காதைவிட்டு விலக்கியது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லையே. நல்லா இருக்கு."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. 'ச' வர்ற இடமெல்லாம் காதுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு. அந்த ஒரு வரியில மூணு ஊசி. உனக்கு அப்படித் தெரியலையா?"

தங்கைக்குத் தெரியவில்லை. நான்கு மாதமாக ஒவ்வொரு மிக்ஸையும் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப் போயிருந்தது. தவிரவும், பாட முடியாமல் போய்விடுமோ என்று பயந்து கிடந்தவளுக்குத் தன் குரல் மறுபடி கேட்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அது எப்படிக் கேட்கிறது என்று யார் பார்த்தார்கள்?

"எங்க அண்ணன் காது ரொம்பக் கூர்மைக்கா. அதுல தப்பு வராது."

"அவரு அச்சகத்துல இல்ல? காதுல அடைப்பு வெச்சுக்குவாரா?"

"மாட்டான். மிஷின் சத்தம் மாறுறது தெரியாதுன்னு சொல்லுவான்."

அக்கா டப்பியைத் திறந்து அடைப்பை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். "இது இல்லேன்னா நான் எப்பவோ செவிடு," என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு மிஷினைப் போட்டாள்.

மூன்றாவது ஆள் சித்தி. சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் அழைத்து, பாட்டை அனுப்பி, போன் ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னாள் தங்கை. சித்தி பாதி நேரம் மூக்குத்துவாரத்தைத்தான் காட்டினாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் படம் சட்டென்று ஆடியது. போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தாள்.

"பாட்டு பிரமாதம். அது சரி, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

மூன்று பேர், மூன்று இடம், ஒரே நொடி. தங்கை மூன்றையும் ஒரே தாளில் எழுதினாள். முதலாளியிடம் அனுமதி கேட்டு மூன்று மணிக்கே கிளம்பினாள்.

அண்ணன் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் அவனுடைய போன் கீச்கீச்சென்று அலறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வைத்த அலாரம். அவன் அசையவில்லை. அலுப்பு என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இன்றும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். அலாரத்தை நிறுத்திவிட்டுச் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் ஒன்பது மிக்ஸும் வரிசையாக இருந்தன. முதல் மிக்ஸில் அவள் குரலின் ட்ரெபிள் கோடு, அதாவது கீச்சொலியின் அளவு, படுத்துக் கிடந்தது. மூன்றாவதில் லேசாக எழுந்திருந்தது. ஆறாவதில் நிமிர்ந்துவிட்டது. ஒன்பதாவதில் பெட்டியின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அவள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். முதல் மிக்ஸையும் ஒன்பதாவதையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் அவளுக்கே அந்த ஊசி உறைத்தது. கண் கலங்கியது, பாட்டினால் இல்லை.

ஒன்பதாவது மிக்ஸை அப்படியே இரண்டு நகல் எடுத்தாள். பிறகு ட்ரெபிளை முழுக்க இறக்கி ஒன்று எடுத்தாள். மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு, யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவனை எழுப்பாமலே இறக்கின மிக்ஸை அனுப்பிவிடலாம். ரெண்டு வார்த்தைக்குத் தெரியப் போவதில்லை. அண்ணனுக்கும் தெரியாது. தெரியாது என்பதுதானே பிரச்சினையே. பெரிய மேடை கிடையாது, பேர் கிடையாது. ஆனால் 'உன் அண்ணன் காதுக்கு ஈடில்லை' என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுதான் அவனிடம் இருந்த சொத்து. அதைத் தன் வாயால் பிடுங்க வேண்டுமா என்று தயங்கினாள். காலையில் முன்பின் தெரியாத மனிதரைக் கண் இமைக்காமல் திருப்பி அனுப்பியவள்தான்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?" கொட்டாவி விட்டுக்கொண்டே அண்ணன் வாசலில் நின்றான்.

"அண்ணா, ஒரு நிமிஷம் உக்காரு. கடையில கேக்கற மாதிரி கேக்கப் போறேன். திரையைப் பாக்காதே, சுவரைப் பாத்து உக்காரு."

"எதுக்கு?"

"ரெண்டு வார்த்தை சொல்லியிருக்காரு."

அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. அண்ணன் மறு பேச்சில்லாமல் போர்வையைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் முதல் நகலைப் போட்டாள். 'ஓசை வந்து பேசும் வாசல்.' பிறகு இரண்டாவது நகல். அதே மிக்ஸ், அதே வரி.

"எது தெளிவா இருக்கு? முதலா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது. முதல்ல வந்தது கொஞ்சம் மந்தம்."

அவள் மறுபடி ஒன்பதாவதைப் போட்டாள். அடுத்து ட்ரெபிள் இறக்கியதைப் போட்டாள். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம் அது.

"இப்ப?"

"ரெண்டும் ஒண்ணுதான். என்ன, என்னை மடக்கப் பாக்கறியா?" அண்ணன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் எதையோ கண்டு அவன் சிரிப்பும் நின்றுபோனது.

"முதல் தடவை போட்டது ரெண்டும் ஒரே ஃபைல், அண்ணா. அடுத்த தடவை போட்டதுதான் வேற வேற."

அவள் தாளை எடுத்துக் காட்டினாள். மூன்று பேர், ஒரே நொடி. திரையில் கூரையை முட்டி நின்ற கோட்டையும் காட்டினாள். அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் மட்டும் இருவருக்கும் கேட்டது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" அவன் குரல் இறங்கியிருந்தது. "நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"எப்படி?"

"உன் தொண்டைதான் சரியாகலைன்னு நினைச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"முதல் மிக்ஸ் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை போட்டா குரல் கொஞ்சம் மங்கி இருக்கு. அதுக்கு அடுத்த தடவை இன்னும் மங்கல். சரி, பதிவுல சரியா வரலைன்னு விட்டேன். அப்புறம் நீ இங்க வந்து நேர்ல பாடிக் காட்டினே பாரு, அப்பவும் அப்படியேதான் கேட்டுச்சு. 'ச'வே காணோம். அந்தக் கட்டி உன் குரலைத் தின்னுட்டுதான் போயிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவ. அதான், உனக்குத் தெரியாம ட்ரெபிளைத் தூக்கிக் குடுத்துக்கிட்டே வந்தேன்."

நான்கு மாதம், ஒன்பது மிக்ஸ். அவள் குரல் போய்விட்டது என்று நம்பி, அது அவளுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு மனிதன் ராப்பகலாக முட்டுக் கொடுத்திருக்கிறான். தங்கை வாய்விட்டு அழுதாள். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையின் நுனியை எடுத்து நீட்டினான். தூசி தட்டிப் பல மாதம் ஆன போர்வை. அவள் அழுகையினூடே இரண்டு தும்மல் போட்டாள்.

"உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலையே? உண்மையா?" என்றான்.

"ஒண்ணும் ஆகல."

"அப்பச் சரி." அவன் நிஜமாகவே நிம்மதிப் பெருமூச்சு விட்டான். தன் காதைப் பற்றி அவன் இன்னும் நினைக்கவே ஆரம்பிக்கவில்லை. "மணி என்ன?"

"அஞ்சு இருபது."

"தள்ளு. நான் கையை வெக்கறேன், நீ காதை வை. கடையில கேக்கற மாதிரி நான் கேக்கறேன்."

அவன் ட்ரெபிள் குமிழைப் பிடித்து ஒரு படி இறக்கினான். "இப்பவா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அவன் இறக்க இறக்க அவள் குரல் அவனைவிட்டு விலகிப் போவது அவன் முகத்திலேயே தெரிந்தது. நெற்றி சுருங்கியது, தலை தானாக ஸ்பீக்கர் பக்கம் நீண்டது. கடைசி வரியைப் படிக்க முயல்கிறவர்கள் இப்படித்தான் கழுத்தை நீட்டுவார்கள். தங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப?"

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மூன்று 'ச'வும் வந்தன. ஒன்றுகூடக் குத்தவில்லை. "போதும். இதுதான்."

"எனக்கு நீ பக்கத்து வீட்ல பாடற மாதிரி இருக்கு."

"எனக்கு எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்கு, அண்ணா."

அவன் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு தடவை மேலே ஏற்றினான். அவள் குரல் அவனுக்குத் திரும்பி வந்தது. அந்த வரியை முழுதாகக் கேட்டான். பிறகு அவள் சொன்ன இடத்துக்கே இறக்கி வைத்து, பத்தாவது மிக்ஸ் என்று எண் போட்டுச் சேமித்தான்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பாட்டு போனது. ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. 'மிக்ஸ் சரி.'

"உங்க அண்ணிகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. நானே சொல்லிக்கறேன்," என்றான் அண்ணன். அவள் தலையாட்டினாள். அவன் ஃபேனைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து மைக் வயரைச் சுற்றத் தொடங்கினான்.

அண்ணி வந்தது தங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. செருப்பைக் கழற்றினாள், தோள்பையைக் கழற்றவில்லை. அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"போயாச்சா?"

"போயாச்சு, அண்ணி."

அண்ணி கணவனின் முதுகைப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவரோடு பேசும் சாதாரணக் குரலில்தான் பேசினாள்.

"போன வாரம் அச்சகத்துலேர்ந்து சூப்பர்வைசர் எனக்குப் போன் பண்ணினார். மிஷினைப் போடறதுக்கு முன்னாடி எச்சரிக்கை மணி அடிச்சாங்களாம். எல்லாரும் கையை எடுத்துட்டாங்க. நீங்க மட்டும் எடுக்கலையாம். பக்கத்துல இருந்தவர் சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கார்."

சொல்லிவிட்டு அண்ணி நிறுத்தினாள். அவள் பதிலுக்காக நிற்கவில்லை, அவன் திரும்புகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தங்கைக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கேட்க வந்த கேள்விக்கு அந்த முதுகிலேயே பதில் இருந்தது.

அண்ணன் திரும்பவில்லை. 'ஓசை வந்து பேசும் வாசல்' என்று முணுமுணுத்துக்கொண்டே வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.